ஸாகா மச்சான் ஏறிய குதிரை

முன்னொரு காலத்தில், ஹெய்ட்டி தீவில், ஒரு திங்கட்கிழமை காலை, பதினேழு பேர் ஒற்றை வரிசையில் மக்காச்சோள வயலுக்கு நடந்து போனார்கள். வரிசையின் கடைசியில் போனவன் பெயர் எலிஃபெத். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, தோளில் மண்வெட்டி மட்டும் இருந்தது.

வயல் டெலிஸ்மாவுக்குச் சொந்தம். அந்தப் பதினேழு பேரும் அவனுக்கே சொந்தம்.

டெலிஸ்மா ஒரு மந்திரவாதி. கறுப்புக் கோட்டு, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் பூட்ஸ், சங்கிலி போட்ட கடிகாரம். பிறந்ததிலிருந்து மண்வெட்டியைத் தொட்டதில்லை. அவன் தொழில் முறை எளிமையானது. ஊரில் நல்ல உழைப்பாளியாகப் பார்த்து வீட்டுக்கு அழைப்பான். நாற்காலி போடுவான். ஒரு கோப்பை ரம் கொடுப்பான். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் சின்னத் தேவதை ஒன்று குடியிருப்பதாக அந்த ஊர்க்காரர்கள் நம்பினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது அதுதான். பாட்டுக் கேட்டால் காலால் தாளம் போடுவதும் அதுதான். ரம்மைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்கும்போது அந்தத் தேவதை கோப்பையின் அடியில் தங்கிவிடும். டெலிஸ்மா அதைப் புட்டியில் ஊற்றித் தக்கை வைத்து, சிவப்புக் கயிற்றால் மூன்று முடிச்சுப் போடுவான். முடிச்சைப் போட்ட கைதான் அவிழ்க்க முடியும். அவன் வீட்டுக் கதவும் அப்படியே, அவன் கைக்குத்தான் திறக்கும். தேவதை புட்டிக்குப் போனபின் மிச்சமிருக்கும் ஆள் எழுந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வயலுக்குப் போய்விடுவான்.

புட்டிக்குள் அடைபட்ட தேவதை மூன்று அறுவடை வரைதான் தாங்கும். அதன்பின் வற்றிப்போகும். எலிஃபெத் அவனிடம் சிக்கியபின் இரண்டு அறுவடைகள் முடிந்துவிட்டன. மூன்றாவது பயிர் இடுப்பளவு நின்றது.

எலிஃபெத்துக்கு ஒரே ஒரு தங்கை, செந்தனீஸ். மரவள்ளி ரொட்டி சுட்டுச் சந்தையில் விற்பவள். அந்த ஊர்க் கோயிலில் மூன்று மேளங்கள் உண்டு. தாய் மேளம், நடு மேளம், குட்டி மேளம். அண்ணன் தாய் மேளம் வாசித்தான். தங்கை குட்டி மேளம் வாசித்தாள். குட்டி மேளத்துக்கு அலங்காரம் எதுவும் கிடையாது, ஒரே தாளத்தை விடாமல் பிடிக்க வேண்டும். அண்ணன் வாசிப்பில் எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வருவது அந்தத் தாளத்துக்குத்தான்.

பயிர் இடுப்பளவு வந்ததைப் பார்த்த அன்றே செந்தனீஸ் டெலிஸ்மாவின் வாசலுக்குப் போனாள்.

"எங்க அண்ணனை விட்டுடுங்கய்யா."

"யாரு பிடிச்சு வெச்சிருக்கா? வயல் திறந்துதானே கிடக்கு. கூப்பிட்டுப் பாரு, வந்தா கூட்டிட்டுப் போ."

"அண்ணா" என்று கூப்பிட்டாள். எலிஃபெத் திரும்பவில்லை. மண்வெட்டி ஏறியது, இறங்கியது.

"வேலை அவ்வளவு பிடிச்சிருக்கு போல" என்றான் டெலிஸ்மா. "ரொட்டி ஏதாவது மிச்சமிருந்தா வெச்சுட்டுப் போ."

மனிதனிடம் கேட்டாயிற்று. இனி லோவாக்களிடம்தான் கேட்க வேண்டும்.

லோவா என்றால் யார் என்று சொல்லிவிட வேண்டும், கேளுங்கள். வோடூ என்ற அந்த மார்க்கத்தில் கடவுள் ஒருவர்தான். அவர் நல்லவர். ஆனால் உலகம் முழுவதையும் பார்க்க வேண்டியிருப்பதால் ரொம்பத் தூரத்தில் இருக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் லோவாக்கள். கடலுக்கு ஒருவர், ஊற்றுக்கு ஒருவர், காதலுக்கு ஒருத்தி, கல்லறைக்கு ஒருவர். பக்தனின் தலைமேல் ஏறி வருவார்கள், நம்மூரில் சாமி வந்து ஆடுவதைப் போல. வந்தால் சாப்பிடுவார்கள், ஆடுவார்கள், திட்டுவார்கள், வைத்தியம் சொல்வார்கள். யார்மேல் வருகிறார்களோ அவரைக் 'குதிரை' என்பார்கள். சாமி இறங்கிய பிறகு குதிரைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அந்த ஊர்க்காரர்களின் முன்னோர்கள் அடிமைகளாக விலங்கு பூட்டிக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். கையில் ஒரு பிடி மண்கூட எடுத்துவர விடவில்லை. கோயிலைக் கொண்டுவர முடியாதவர்கள் உடம்பையே கோயிலாக்கிக் கொண்டார்கள். விலங்கை உடைத்தபோதும் அந்த உடம்போடுதான் உடைத்தார்கள்.

விவசாயிகளின் லோவா பெயர் ஸாகா. எல்லோரும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். வைக்கோல் தொப்பி, தோளில் ஓலைப்பை, வாயில் புகை பிடிக்கும் சுங்கான். செந்தனீஸுக்கு வேண்டியவர் அவர்தான்.

ஓடினாள். கோயில் பூசாரி மம்போ அடெலீன் சந்தைக்குப் போயிருந்தாள். காத்திருக்கப் பொறுமையில்லை. பக்கத்து வீடுகளில் இருந்தவர்களைக் கூட்டிவந்து மேளத்தைத் தட்டி, "ஸாகா மச்சான், வாங்க" என்று நேராகப் பாட ஆரம்பித்துவிட்டாள்.

யாரும் வரவில்லை. மேளம் ஈர மூட்டையைத் தட்டுவது போல ஒலித்தது. ஆடியவர்களின் கால் கனத்தது. ஒருவருக்குக் கொட்டாவி வந்தது, அதைப் பார்த்து எல்லோருக்கும் வந்தது.

சந்தையிலிருந்து திரும்பிய மம்போ தலையில் கூடையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரைக் கேட்டு உள்ளே போனீங்க?"

"அவசரம் மம்போ அம்மா. அண்ணன்..."

"அவசரம்னா உங்க வீட்டுக் கதவைத் திறக்காமலே உள்ளே போயிடுவியா? லெக்பா அப்பாவுக்குத் தண்ணி விட்டியா?"

செந்தனீஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. லெக்பா வாசலின் காவலர். கம்பு ஊன்றிய கிழவர். அவரை வணங்காமல் எந்த லோவாவைக் கூப்பிட்டாலும் வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுவார்கள்.

"அவர் கோவிச்சுப்பாரா?"

"கோவிச்சுக்க மாட்டார். திறக்க மாட்டார், அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் வா. ரொட்டி நிறைய சுட்டு எடுத்துட்டு வா. ஸாகாவுக்கு வயிறு பெரிசு."

சனிக்கிழமை வந்தது. மம்போ விரல் இடுக்கில் சோள மாவை எடுத்து, கோயிலின் நடுக்கம்பத்தைச் சுற்றிக் கோலம் போட்டாள். ஒவ்வொரு லோவாவுக்கும் ஒரு கோலம் உண்டு. அது அவருடைய முகவரி மாதிரி. கோடு எங்கும் நடுங்கவில்லை. பிறகு வாசலில் மூன்று முறை தண்ணீர் விட்டாள். எல்லோரும் பாடினார்கள்.

"கம்பு ஊன்றி வாங்க, லெக்பா அப்பா. கதவு உங்ககிட்ட, காத்திருப்பு எங்ககிட்ட."

முதல் முறை பாடியபோது காற்று நின்றது. இரண்டாம் முறை பாடியபோது மேளத்தோல் இறுகியது. மூன்றாம் முறை பாடியபோது, யாரும் தொடாமல் வாசற்கதவு விரியத் திறந்தது.

அப்புறம் ஸாகாவின் பாட்டு. தாய் மேளம் வாசிக்க ஆளில்லை. நடு மேளமும் குட்டி மேளமும்தான். இருந்தும் கூட்டத்தில் ஒரு கால் தடுமாறியது. அது மதாம் விக்துவாரின் கால்.

மதாம் விக்துவார் ஊர்த் தையற்காரி. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் சந்தைக்கு வருவாள். மண் ஒட்டிய காலோடு யாரையும் வாசற்படி ஏற விடமாட்டாள். அந்த மதாம் விக்துவார் கையுறையைக் கழற்றி எறிந்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டினாள். குந்தி உட்கார்ந்து, ஆடு கத்துவது போல மூக்கால் பேசினாள்.

"என் பை எங்கே? யாரு எடுத்தது? நான் இல்லாதப்ப ரொட்டியெல்லாம் தின்னுட்டீங்களா?"

எல்லோரும் சிரித்துவிட்டுக் கும்பிட்டார்கள். "யாரும் தொடலை மச்சான். பத்திரமா இருக்கு."

பையைத் தோளில் மாட்டி, தொப்பி வைத்து, சுங்கானைப் பற்ற வைத்தார் ஸாகா. பாதி ரொட்டியைத் தின்றார். பாதியைப் பைக்குள் ஒளித்தார். பிறகுதான் செந்தனீஸைப் பார்த்தார்.

"சொல்லு மச்சினி."

சொன்னாள்.

"டெலிஸ்மா வயலா? மூணு போகமா வேலி ஓரம் நின்னு பாத்துட்டிருக்கேன். முதல் போகம் கதிர் கை நீளம். ரெண்டாவது போகம் விரல் நீளம். இப்ப வெறும் இலை. மேளச் சத்தம் கேக்காத மண்ணு, அப்படித்தான் போகும்."

"உள்ளே போக வேண்டியதுதானே மச்சான்?"

"கூப்பிடாத வயல்ல கால் வெக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நிலத்துக்காரன் தன் நிலத்துல நின்னு, தன் வாயால, கூட்டுவேலைக்கு வாங்க மச்சான்னு சொல்லணும்."

"நீங்க சாமியாச்சே. உங்களுக்கு எதுக்கு அழைப்பு?"

"சாமியெல்லாம் அப்புறம். முதல்ல நான் விவசாயி."

அவ்வளவுதான். ஸாகா இறங்கிவிட்டார். மதாம் விக்துவார் கண்ணைத் திறந்து, தன் முழங்காலைப் பார்த்து, "யாரு பண்ணின வேலை இது?" என்று கேட்டாள். எல்லோரும் அவள் கையுறையைத் தேடக் குனிந்தார்கள்.

கூட்டுவேலை அந்த மலைநாட்டின் பழக்கம். சங்கு ஊதினால் ஊரே மண்வெட்டியோடு ஒரு வயலில் இறங்கும். மேளம் அடிக்கும், பாட்டு ஓடும், வேலை முடியும். கூலி கிடையாது. நிலத்துக்காரர் வயிறு நிறையச் சோறு போட வேண்டும். போட்டுவிட்டு, வேலை செய்தவர்கள் வயலுக்கு மறுநாள் அவரும் மண்வெட்டியோடு போக வேண்டும். இன்று உன் வயல், நாளை என் வயல்.

திங்கட்கிழமை காலை செந்தனீஸ் தோளில் குட்டி மேளத்தோடும் கையில் ஓலைப்பையோடும் டெலிஸ்மாவின் வேலிக்கு வந்தாள். வயலில் பதினேழு பேர். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, மண்வெட்டி மட்டும் இருந்தது.

"மறுபடியும் அழ வந்தியா?" என்றான் டெலிஸ்மா.

"இல்லைங்கய்யா. உங்க சோளம் கதிர் விடலையே, அதைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

டெலிஸ்மாவின் முகம் மாறியது. "மழை சரியில்லை."

"அடுத்த வயலுக்கும் அதே மழைதான்."

"விதை சரியில்லை."

"அதே விதைதான் ஊர் முழுக்க."

"அப்ப என்னதான் குறைன்னு சொல்றே?"

"மேளம். உங்க மண்ணு ஒரு பாட்டுக்கூடக் கேக்கலை. ஒரு நாள் கூட்டுவேலை வெச்சு ஸாகா மச்சானைக் கூப்பிடுங்க. மேளம் நான் வாசிக்கிறேன்."

டெலிஸ்மா யோசித்தான். அவனுக்கும் லோவாக்களைத் தெரியும். ஒரு கை கும்பிடும், மறு கை புட்டியில் முடிச்சுப் போடும். அப்படிப்பட்டவன் அவன்.

"சாமி வந்தா யார்மேல ஏறும்?" என்றான் மெதுவாக. "தலைக்குள்ள இருக்கிற சின்னத் தேவதை நகர்ந்து இடம் கொடுத்தாத்தான் சாமி வர முடியும். வயல்ல இருக்கிற பதினேழு பேருக்குள்ள யாருமே இல்லை. இடம் கொடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு விருந்தாளி வர மாட்டார். மிச்சம் இருக்கிறது நீதான்." அவன் கண் பளபளத்தது. "சாமி ஏறின விவசாயி பத்து ஆள் வேலை செய்வான். நல்லது. எனக்கு ஒரு பைசா செலவில்லை."

"நீங்க சொன்னா சரிதாங்கய்யா" என்றாள் செந்தனீஸ். அவள் போட்டிருந்த கணக்கு வேறு. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. வேலி வாசலில் மூன்று முறை தண்ணீர் விட்டாள். "கம்பு ஊன்றி வாங்க, லெக்பா அப்பா" என்று தனியாக, மெதுவாகப் பாடினாள். காற்றே இல்லை. வாசற்கதவு ஆடித் திறந்தது.

"நீங்க வயலுக்குள்ள வந்து நின்னு கூப்பிடணுங்கய்யா. வேலிக்கு வெளியே நின்னா செல்லாது."

டெலிஸ்மா பூட்ஸ் அழுக்காகாமல் காய்ந்த மண்கட்டிகளின்மேல் கால் வைத்து உள்ளே வந்தான்.

அவள் மேளத்தைத் தட்ட ஆரம்பித்தாள். அலங்காரம் இல்லாத, ஒரே தாளம். முதலில் பதினேழு மண்வெட்டிகளும் கண்டபடி விழுந்தன. பிறகு ஒரு மண்வெட்டி தாளத்தில் விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, யாருடையது என்று தெரியும். உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் கைக்கு ஞாபகம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பதினேழும் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின.

"கூப்பிடுங்கய்யா."

"வாங்க மச்சான்" என்றான் டெலிஸ்மா, வாய்க்குள். ஒன்றும் நடக்கவில்லை.

"கூட்டுவேலைக்கு வாங்க மச்சான்" என்றான், சிரித்துக்கொண்டே. ஒன்றும் நடக்கவில்லை.

அவனுக்கு எரிச்சல் வந்தது. தன் வயலில் தன் பேச்சு எடுபடவில்லை என்றால் எப்படி? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி கத்தினான். "என் நிலத்துல கூட்டுவேலை. வாங்க மச்சான்."

இடது பூட்ஸ் மண்ணில் புதைந்தது. வலது பூட்ஸ் அதைத் தேடிப் போய்த் தடுமாறியது. டெலிஸ்மா வயலில் இருந்த எல்லோரையும் எண்ணியிருந்தான். தன்னை மட்டும் எண்ணவில்லை. ஏறுவது மற்றவர்கள்மேல்தான், முதலாளிமேல் யார் ஏறுவார் என்று நினைத்திருந்தான்.

பூட்ஸைக் கழற்றி வேலிக்கு வெளியே வீசினான். கோட்டைக் கழற்றி வரப்பில் போட்டான். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக் குந்தி உட்கார்ந்தான். வாயைத் திறந்தபோது ஆடு கத்தும் குரல் வந்தது.

"என் பை எங்கே மச்சினி?"

செந்தனீஸ் ஒரு கையால் பையைக் கொடுத்தாள். மறு கை தட்டிக்கொண்டே இருந்தது. தாளம் தவறவில்லை.

"கொழுத்த குதிரை" என்றார் ஸாகா, டெலிஸ்மாவின் தொந்தியைத் தட்டிப் பார்த்து. "வேலை பழகாத குதிரை. பரவாயில்லை, பழக்கிடலாம்."

ஒரு மண்வெட்டியை எடுத்து வரிசையில் பதினெட்டாவது ஆளாக நின்றார். வெயில் உச்சிக்கு வரும்வரை டெலிஸ்மாவின் முதுகு வளைந்தது, நிமிர்ந்தது. டெலிஸ்மாவின் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. ஸாகா பாடிக்கொண்டே இருந்தார். மூன்று போகமாகப் பாட்டுக் கேட்காத மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

வேலை முடிந்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "பசிக்குது. கூட்டுவேலைன்னா நிலத்துக்காரன் வீட்டுச் சோறு."

நேராக டெலிஸ்மாவின் வீட்டுக்கு நடந்தார். செந்தனீஸின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு பதினேழு பேரும் பின்னால் போனார்கள். டெலிஸ்மாவின் கை பட்டதும் கதவு திறந்தது. அடுப்பில் பெரிய பானையை ஏற்றி அரிசியும் சிவப்பு பீன்ஸும் போட்டார். வயலாட்களுக்கு ஒருநாளும் கிடைக்காமல், டெலிஸ்மாவின் சாப்பாட்டு மேசையில் மட்டும் இருந்த உப்பு ஜாடியைப் பானையில் கவிழ்த்தார். கருவாட்டை எடுத்து மோந்து பார்த்து, பாதியைத் தன் பைக்குள் தள்ளினார். சோறு வேகும் நேரத்தில் உள்ளறை அலமாரியைத் திறந்தார். பதினேழு புட்டிகள்.

புட்டிகளை முற்றத்தில் வரிசையாக வைத்தார். ஒன்றிலிருந்து இருமல் கேட்டது. ஒன்றிலிருந்து விசில். இன்னொன்று தன் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் புட்டி, உள்ளிருந்து யாரோ விரலால் தட்டுவது போல, மெல்லத் தாளம் போட்டது. குட்டி மேளத்துக்குப் பதில் சொல்லும் தாளம். வற்றிப்போய், அடியில் ஒரு விரற்கடை அளவுதான் மிச்சமிருந்தது.

"இது அவன்" என்றாள் செந்தனீஸ்.

டெலிஸ்மாவின் விரல்கள் முடிச்சை அவிழ்த்தன. முதல் முடிச்சு, இரண்டாம் முடிச்சு, மூன்றாம் முடிச்சு. கொப்புளம் வந்த கைக்கு நேரம் பிடித்தது.  தக்கை சோளம் பொரிவது போலப் பொட்டென்று தெறித்தது. பிறகு வரிசையாகப் பொட், பொட் என்று பதினேழும் பொரிந்தன, உள்ளே இருந்த தேவதைகள் அவரவர் ஆளைத் தேடிப் போயின.

சோற்றுத் தட்டுகள் வந்தன. எலிஃபெத் ஒரு வாய் வைத்தான். மென்றான். விழுங்கினான். நெற்றியைச் சுருக்கினான்.

"உப்பு இன்னும் கொஞ்சம் வேணும்" என்றான்.

மூன்று போகத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது.

"அண்ணா" என்றாள் செந்தனீஸ்.

அவன் திரும்பிப் பார்த்தான்.  "மேளத்தோட எங்க கிளம்பினே? சனிக்கிழமையா இன்னிக்கு?"

"திங்கக்கிழமை. காலையிலேருந்து வாசிச்சுட்டிருக்கேன்."

"அதான் கடைசியில தாளம் கொஞ்சம் ஓடிச்சு."

"ஓடலை."

"ஓடிச்சு."

அவள் அழுதுகொண்டே அவன் தட்டில் உப்பை வைத்தாள்.

ஸாகா ஐந்து தட்டுச் சோறு தின்றுவிட்டு எழுந்தார். "கேட்டுக்கோங்க. இவன் வயல்ல நீங்க மூணு போகம் வேலை செஞ்சிருக்கீங்க. கூட்டுவேலைன்னு இவன் வாயாலயே சொல்லிட்டான். அப்ப திருப்பிச் செய்யணும். இன்னிக்கு உன் வயல்னா நாளைக்கு என் வயல். இவன் வரலைன்னா நான் ஏறிக் கூட்டிட்டு வரேன்." பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

டெலிஸ்மா தன் முற்றத்தில், வெறுங்காலோடு, கண் விழித்தான். எதுவும் ஞாபகமில்லை.

"என் பூட்ஸ் எங்கே?" என்றான். பிறகு செந்தனீஸைப் பார்த்தான். "சாமி வந்துதா? உன்மேல ஏறிச்சா?"

"இல்லைங்கய்யா."

"பின்னே யார்மேல ஏறிச்சு?"

பதினேழு பேரும் சிரித்தார்கள். அவர்களுடைய சிரிப்பை டெலிஸ்மா கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பி முற்றத்தில் கிடந்த காலிப் புட்டிகளைப் பார்த்தான். தன் உள்ளங்கையைப் பார்த்தான். கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

அந்தப் போகம் டெலிஸ்மாவின் சோளம் முழங்கை நீளத்துக்குக் கதிர் விட்டது. பதினேழு வீடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. கோயிலில் மூன்று மேளங்களும் சேர்ந்து ஒலித்தன. மம்போ அடெலீன் அன்று யாரையும் திட்டவில்லை. செந்தனீஸின் ரொட்டிக்குச் சந்தையில் வரிசை நின்றது. ஸாகாவுக்குப் பிடித்த ரொட்டி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

டெலிஸ்மா வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று மூன்று முறை மூட்டை கட்டினான். மூன்று முறையும் எங்கோ ஒரு வயலில் சங்கு ஊதியது. மூன்று முறையும் அவன் கண் விழித்தபோது யாரோ ஒருவருடைய நிலத்தில், முழங்கால் வரை மண்ணோடு, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். தட்டை மட்டும் யாரும் அவனுக்கு வைக்காமல் விடவில்லை. கூட்டுவேலைக்கு வந்தவன் யாராயிருந்தாலும் பசியோடு அனுப்புவதில்லை அந்த மக்கள்.

அதன்பின் ஏழு ஆண்டுகள் கழித்து, மே மாதம் முதல் தேதி, ஸாகாவின் திருநாளன்று, எலிஃபெத்தின் வயலில் கூட்டுவேலை நடந்தது. காலையில் சங்கு ஊதினார்கள். அன்று ஸாகா யார்மேலும் வரவில்லை. டெலிஸ்மா தன் மண்வெட்டியோடு தானே நடந்து வந்தான்.